அப்பா, மெதுவா போங்க

1960களின் இத்தாலியக் கார் ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தால், டேஷ்போர்டின் மேல் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருப்பதைக் காணலாம். பின்னால் காந்தம் வைத்த உலோகத் தகடு. மனைவி, பிள்ளைகளின் புகைப்படங்களைச் செருகிக்கொள்ள அதில் இடம் இருக்கும். சிலவற்றில் பயணிகளின் காவலரான புனித கிறிஸ்டோபரும் கூடவே இருப்பார். படங்களுக்குப் பக்கத்தில் ஒரு வரி: “பப்பா, நோன் கோர்ரெரே.” நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், “அப்பா, மெதுவா போங்க.”

இன்று பழைய சாமான் சந்தைகளில் கிடைக்கும் பொருள் அது. பார்த்தால் லேசாகச் சிரிப்பு வரும். ஆனால் ஒரு பத்து வருடம் முன்னால் போனால் இந்தத் தகட்டுக்கு வேலையே இருந்திருக்காது. பெரும்பாலான அப்பாக்களிடம் கார் கிடையாது. கார் வைத்திருந்த சிலருக்கும் அவ்வளவு வேகமாகப் போகச் சாலை கிடையாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் போகவேண்டிய அவசியமும் கிடையாது. தாத்தா பாட்டி எல்லாரும் அதே தெருவில்தான் இருந்தார்கள். கார், சாலை, விட்டுவிட்டு வந்த ஊர் மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இத்தாலியர்களின் வாழ்க்கைக்குள் வந்தன.

இத்தாலியில் குடும்பத்தோடு கார்ப் பயணம் என்றதும் நமக்கு டஸ்கனியின் சைப்ரஸ் மரங்களும் திராட்சைத் தோட்டங்களும் கண்ணில் வரும். சினிமாவும் இன்ஸ்டாகிராமும் அப்படிப் பழக்கியிருக்கின்றன. ஆனால் அந்த நாட்டின் லட்சக்கணக்கான குடும்பங்கள் செய்த பெரிய கார்ப் பயணம் வேறு. அவர்கள் டஸ்கனியை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்கள். அவர்களுடையது ஊருக்குப் போகிற பயணம்.

பார்க்க வந்தவர்களும் பார்க்காதவர்களும்

சாலை வழியாக இத்தாலியைச் சுற்றிப் பார்ப்பது பழைய பழக்கம்தான். பார்த்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள், அவ்வளவுதான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பிரபுக்களின் பிள்ளைகள் படிப்பு முடிந்த கையோடு ஆசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸைத் தாண்டி வருவார்கள். ‘கிராண்ட் டூர்’ என்று அதற்குப் பெயர். கதே 1786இல் வந்து, அடுத்த ஆண்டு சிசிலி வரை போனார். 1844இல் சார்லஸ் டிக்கன்ஸ் குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு வந்தார். மனைவி, மைத்துனி, ஐந்து குழந்தைகள், வேலைக்காரர்கள், வழிகாட்டி, கூடவே ஒரு நாய். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. ஒரு பெரிய கோச்சு வண்டியில் பிரான்ஸைக் கடந்து, மார்செயில்ஸில் கப்பல் ஏறி, ஜெனோவாவில் இறங்கினார்கள். அந்த அனுபவம் 1846இல் புத்தகமாகவும் வந்தது.

அதே காலத்தில் ஒரு கலாப்ரியா விவசாயி ஃப்ளோரன்ஸைப் பார்க்க வாய்ப்பே இல்லை. 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது அந்த ஒற்றுமை முதலில் காகிதத்தில்தான் இருந்தது. வடக்கே ஒரு பேச்சு, தெற்கே ஒரு பேச்சு. இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. நாட்டின் நடுவே முதுகெலும்பு மாதிரி அப்பெனைன் மலைத்தொடர். 1876க்கும் 1915க்கும் இடையில் சுமார் 1.4 கோடி முறை இத்தாலியர்கள் நாட்டைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு இருக்கிறது. தெற்கத்திக்காரர்களில் பலர் மிலானைப் பார்ப்பதற்கு முன்பே நியூயார்க்கைப் பார்த்தார்கள்.

1935இல் டூரின் நகரத்து மருத்துவரும் ஓவியருமான கார்லோ லேவியை முசோலினி அரசு தெற்கே லுக்கானியா மலைகளுக்கு நாடு கடத்தியது. உள்நாட்டுக்குள்ளேயே நாடு கடத்தல். ரோமிலிருந்து இன்னொரு உலகத்துக்குப் போகக் கப்பல் தேவையில்லை என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. அந்த அனுபவத்தை வைத்து லேவி எழுதி 1945இல் வெளியான புத்தகத்தின் பெயர் ‘கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்’. எபோலி, நேப்பிள்சுக்குத் தெற்கே சலேர்னோவைத் தாண்டி இருக்கும் ஊர். சாலையும் ரயிலும் கடற்கரையை விட்டுவிட்டு மலைக்குள் திரும்புகிற இடம். கிறிஸ்து அதற்கு அந்தப் பக்கம் வரவில்லை, எங்களை யாரும் மனிதர்களாக எண்ணியதில்லை என்பது அங்கிருந்த விவசாயிகளின் வழக்கு. டூரின், எபோலி இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் போகப்போகும் பயணம் அந்த இரண்டு ஊர்களையும் தொட்டுத்தான் போகிறது.

சூரியனின் சாலை

கார்களுக்கு மட்டுமேயான சாலை இத்தாலிக்கு 1920களிலேயே வந்துவிட்டது. மிலானிலிருந்து வடக்கே ஏரிகள் இருக்கும் பக்கம் போகும் நெடுஞ்சாலையைப் பொறியாளர் பியெரோ பூரிச்செல்லி வடிவமைத்தார். 1924 செப்டம்பரில் மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேல் அதைத் திறந்து வைத்தார். மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை, சுங்கம் கட்டவேண்டும். அன்றைக்குக் கார் வைத்திருந்தவர்கள் கைவிட்டு எண்ணக்கூடியவர்கள். மிலான் பணக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போய்வர அது உதவியது.

சாதாரணக் குடும்பத்தின் கதைக்குள் வரும் சாலை ‘ஆட்டோஸ்ட்ராடா டெல் சோலே’. சூரியனின் நெடுஞ்சாலை. பனிமூட்டமான மிலானிலிருந்து வெயில் அடிக்கும் நேப்பிள்ஸ் வரை 755 கிலோமீட்டர். பெயர் வைத்தவருக்கு விளம்பரம் தெரிந்திருக்கிறது.

அந்தச் சாலை யாருக்குத் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு நல்ல தடயம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் இந்த நெடுஞ்சாலைக்கு வரைபடம் போட ஒரு நிறுவனம் உருவானது. அதன் பின்னால் இருந்தவர்கள் நான்கு பேர்: ஃபியட், அஜிப், பிரெல்லி, இத்தால்செமெந்தி. அதாவது கார் விற்பவர், பெட்ரோல் விற்பவர், டயர் விற்பவர், சிமென்ட் விற்பவர். வரைபடத்தைத் தயாரித்து அரசின் கையில் கொடுத்துவிட்டார்கள். இவர்களுக்குச் சாலையால் கிடைக்கவிருந்த லாபத்தைப் பார்த்தால் வரைபடச் செலவு ஒன்றுமே இல்லை. 1955இல் சட்டம் வந்தது. அரசின் தொழில் நிறுவனக் குழுமமான ஐஆர்ஐயின் நெடுஞ்சாலைக் கம்பெனி வேலையை எடுத்துக்கொண்டது.

1956 மே 19 அன்று மிலானுக்கு வெளியே முதல் கல் நாட்டப்பட்டது. குடியரசுத் தலைவர் ஜொவான்னி கிரொங்கி வந்திருந்தார். மிலான் பேராயர் மொந்தீனி ஆசீர்வதித்தார். பின்னாளில் ஆறாம் பவுல் என்ற பெயரில் போப் ஆனவர் அவர்தான். 1958 டிசம்பரில் பார்மா வரை திறந்தார்கள். 1964 அக்டோபர் 4 அன்று ஓர்வியேத்தோ பக்கம் கடைசித் துண்டும் முடிந்து, பிரதமர் அல்டோ மோரோ வந்து திறந்து வைத்தார். எட்டு வருடம். குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது என்பதை இன்றைய இத்தாலியர்கள் கொஞ்சம் ஆச்சரியத்தோடுதான் நினைவுகூர்கிறார்கள்.

மிலானிலிருந்து போலோன்யா வரை சிரமம் இல்லை. போ ஆற்றின் சமவெளி, மேசை மாதிரி தட்டை. அங்கே புதிய சாலை கிட்டத்தட்ட பழைய வயா எமிலியாவுக்கு இணையாக ஓடுகிறது. கிமு 187இல் ரோமானியர்கள் போட்ட சாலை அது. போலோன்யாவுக்கும் ஃப்ளோரன்சுக்கும் நடுவில்தான் மலை. பாலம், சுரங்கம், மறுபடி பாலம், மறுபடி சுரங்கம் என்று 726 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்கவேண்டும். அந்தப் பகுதி 1960 டிசம்பரில் திறந்தது. ஃப்ளோரன்சுக்குத் தெற்கே இன்னொரு கதை. சாலை நேராக ரோமைப் பார்த்துப் போகாமல் அரெஸ்ஸோ பக்கம் ஒதுங்கிப் போகிறது. அந்தப் பகுதியின் செல்வாக்கான அரசியல்வாதி, பலமுறை பிரதமராக இருந்த அமிந்தோரே ஃபன்ஃபானி. மக்கள் அதற்கு ‘ஃபன்ஃபானி வளைவு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாலை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்வதில்லை, எந்த நாட்டிலும்.

மலையைக் குடைந்ததில் உயிர்களும் போயின. ஃப்ளோரன்ஸ் வடக்குச் சந்திப்பில், சாலையோரமாக, செப்புக் கூரை போட்ட ஒரு தேவாலயம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் சாய்ந்த கூடாரம் மாதிரி இருக்கும். கட்டடக் கலைஞர் ஜொவான்னி மிகெலூச்சி 1960இல் தொடங்கி 1964இல் முடித்தார். சாலை வேலையில் இறந்த தொழிலாளர்களின் நினைவாகக் கட்டியது. சாலை இணைத்த நகரங்களின் காவல் புனிதர்களை உள்ளே புடைப்புச் சிற்பமாக வைத்திருக்கிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்கு அந்தக் கூரை இரண்டு மூன்று விநாடி தெரியும்.

மூன்றேகால் மீட்டர் வீடு

சாலை ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் அதில் ஓடவேண்டிய வண்டி தயாரானது. 1955 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் ஃபியட் 600 வந்தது. வடிவமைத்தவர் தாந்தே ஜாகோசா. என்ஜின் பின்னால், 633 சிசி. இன்றைய சில மோட்டார் பைக்குகளின் என்ஜினே அதைவிடப் பெரியது. நீளம் சுமார் 3.2 மீட்டர். உச்ச வேகம் 95 கிலோமீட்டர். நாலு பேர் உட்காரலாம் என்பது கம்பெனிக் கணக்கு. விலை 590,000 லிரா, ஒரு தொழிலாளியின் ஒரு வருட ஊதியத்தைத் தாண்டியது. 1957 ஜூலையில் இன்னும் சின்னதாக, துணிக்கூரையோடு புதிய ஃபியட் 500 வந்தது. இவற்றைவிடக் கொஞ்சம் வசதியான குடும்பம் ஃபியட் 1100 வாங்கும். நமக்கும் அது தெரிந்த வண்டிதான். பம்பாயில் தயாராகி, பிற்பாடு பிரீமியர் பத்மினி என்ற பெயரில் நம் ஊர்களில் ஓடியதும் அந்த 1100இன் வம்சம்தான்.

முழுப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. ‘கம்பியாலே’ என்று ஒரு கடன் பத்திரம். மாதா மாதம் ஒன்று கட்டித் தீர்க்கவேண்டும். கார், ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் இப்படித்தான் வீட்டுக்கு வந்தன. 1950இல் நாட்டில் கார்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. 1964இல் 40 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

சாலையும் காரும் வந்தபின் வழியில் பசிக்கும் இல்லையா? அதற்கு நொவாராவின் பிஸ்கட் வியாபாரி மாரியோ பவேசி இருந்தார். 1947இலேயே டூரின்–மிலான் சாலையோரம் சின்னதாக ஒரு கடை போட்டவர். 1959இல் ஃபியொரென்ஸுவோலாவில் சூரியனின் சாலைக்கு மேலேயே பாலம் மாதிரி ஒரு உணவகத்தைக் கட்டினார். ஐரோப்பாவில் அந்த மாதிரி முதல் கட்டடம் அது. வடிவமைத்தவர் ஆஞ்சலோ பியாங்கெத்தி. கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே கார்கள் பாயும். சாப்பிட்டுவிட்டு வெளியே வரவேண்டுமானால் பிஸ்கட், பொம்மை, சாக்லேட் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவில்தான் வழி. பிள்ளைகளோடு போகிறவர் எதையும் வாங்காமல் வெளியே வருவது கஷ்டம். மோத்தா, அலெமாஞ்ஞா என்ற மற்ற இரண்டு தின்பண்டக் கம்பெனிகளும் போட்டிக்கு வந்தன. 1977இல் மூன்றும் ஒன்றாகி ‘ஆட்டோகிரில்’ ஆனது. எங்கேயும் போகாமல், பாலத்தின் மேல் உட்கார்ந்து கார்களைப் பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை அங்கே போன குடும்பங்களும் இருந்தன. வேகத்தை வேடிக்கை பார்க்கிற சந்தோஷம்.

வடக்கே போனவர்கள்

இனி ஊரை விட்டு வந்தவர்கள். 1955க்கும் 1971க்கும் நடுவில் சுமார் 90 லட்சம் இத்தாலியர்கள் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அதில் பெரிய பகுதி தெற்கிலிருந்து வடக்கு. போனது ரயிலில். சிசிலியிலிருந்து டூரினுக்கு ஓடிய ரயிலின் பெயரும் ‘சூரியனின் ரயில்’தான். கயிறு கட்டிய அட்டைப் பெட்டி, ஒரு நாள் பூராப் பயணம், இறங்கினால் பனி. லூக்கினோ விஸ்கோந்தியின் 1960ஆம் வருடத்துப் படம் ‘ரோக்கோவும் அவன் சகோதரர்களும்’ அப்படி மிலானில் வந்து இறங்கும் ஒரு தாயையும் மகன்களையும் பற்றியது.

டூரினின் மக்கள்தொகை 1951இல் சுமார் 7 லட்சம். 1967க்குள் 11 லட்சம். நேப்பிள்ஸ், பலேர்மோ இரண்டையும் விட்டால் தெற்கத்திக்காரர்கள் அதிகம் வாழும் நகரம் டூரின்தான் என்று சொல்லும் அளவுக்கு ஆனது. நகரம் அவர்களை வாரி அணைத்துக்கொள்ளவில்லை. “தெற்கத்தியருக்கு வீடு வாடகைக்கு இல்லை” என்று பலகை மாட்டினார்கள். ‘தெர்ரோனி’ என்று ஒரு வசைச் சொல். மண்ணைக் கிளறுகிறவர்கள் என்பது போல ஒரு அர்த்தம். இதெல்லாம் போதாதென்று முசோலினி காலத்து 1939ஆம் வருடச் சட்டம் ஒன்று 1961 வரை உயிரோடு இருந்தது. நகரத்தில் வசிப்பிடம் பதிவு செய்ய வேலை இருக்கவேண்டும். வேலைக்குப் பதிவு செய்ய வசிப்பிடம் இருக்கவேண்டும். சொந்த நாட்டிலேயே சட்டவிரோதக் குடியேறிகளாக லட்சக்கணக்கானவர்கள் சில வருடங்களைக் கழித்தார்கள்.

அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் டூரினின் மிராஃபியோரி தொழிற்சாலை. ஃபியட் 600 தயாராகும் இடம். ஆக, தெற்கத்தித் தொழிலாளி செய்கிற கார், தெற்கைப் பார்த்துப் போகும் சாலை. இரண்டும் ஒன்றுசேர ஒரு மாதம் தேவைப்பட்டது. ஆகஸ்ட்.

ஆகஸ்ட்

ஆகஸ்ட் 15 இத்தாலியில் ‘ஃபெர்ராகோஸ்டோ’. பேரரசர் அகஸ்டஸ் கிமு 18இல் ஏற்படுத்திய ஓய்வுநாள் விழாவிலிருந்து வந்த பெயர். பிற்பாடு அன்னை மரியாவின் விண்ணேற்பு விழாவும் அதே நாளில் சேர்ந்துகொண்டது. தொழிற்சாலைகள் அந்த நாளைச் சுற்றி ஆகஸ்டில் சில வாரங்கள் மொத்தமாக மூடிவிடும். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் லீவு. நகரம் காலியாகிவிடும், சாலை நிரம்பிவிடும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 1965. அப்பா மிராஃபியோரியில் வேலை செய்கிறார், அம்மா, இரண்டு பிள்ளைகள். சொந்த ஊர் கொசென்ஸா பக்கம் ஒரு மலைக் கிராமம். டூரினிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். வண்டி, தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு 600. ரயிலில் போகிறவர்கள்தான் இன்னும் அதிகம். ஆனால் காரில் போய் இறங்குவது வேறு விஷயம். ஊருக்கு ஒரு செய்தி அது. ‘அங்க நல்லா இருக்கோம்’ என்று வாயால் சொல்லவேண்டியதில்லை.

விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறார்கள். கூரையில் சாமான் கட்டும் சட்டம், அதன் மேல் பெட்டிகள், அதன் மேல் தார்ப்பாய். மிலான் வரை பழைய நெடுஞ்சாலை, அப்புறம் சூரியனின் சாலை. வெயில் ஏறிவிடுகிறது. ஃபியொரென்ஸுவோலாப் பாலத்துக்குக் கீழே போகும்போது பிள்ளைகள் கத்துகிறார்கள்.

“அங்க நிறுத்துங்கப்பா!”

“சாப்பாடு கட்டி எடுத்துட்டு வந்திருக்கோம்ல, பேசாம வா,” என்கிறாள் அம்மா. நிறுத்துவது கழிவறைக்கு மட்டும். பாலத்து உணவகத்தின் விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

போலோன்யாவைத் தாண்டினால் மலை. நாலு பேரும் அத்தனை பெட்டியுமாக 633 சிசி என்ஜின் முக்குகிறது. பின்னால் இருக்கும் என்ஜின் சூடேறுகிறது. பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சூடு முதுகில் தெரிகிறது. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, இடம் கிடைத்தால் முந்தவேண்டும். அன்றைக்கு நெடுஞ்சாலையில் பொதுவான வேக வரம்பு கிடையாது. சீட் பெல்ட் கட்டாயம் என்ற பேச்சு 1980களின் கடைசியில்தான் வரும். டேஷ்போர்டுத் தகடு எதற்கு என்று இப்போது புரியும். தினோ ரிசியின் 1962 படம் ‘இல் சொர்ப்பாஸ்ஸோ’, முந்துதல் என்று அர்த்தம், ஃபெர்ராகோஸ்டோ அன்று வெறிச்சோடிய ரோமில் தொடங்குகிறது. ஒரு வாயாடி, ஒரு கூச்ச சுபாவ மாணவன், ஒரு திறந்த லான்சியா கார். படம் பூராச் சிரித்துக்கொண்டே முந்திக்கொண்டு போகிறார்கள். கடைசி முந்தலில் மாணவன் சாகிறான். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியச் சாலைகளில் வருடத்துக்கு 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தகட்டிலிருந்த புகைப்படம் பல வீடுகளில் பலிக்காமல் போன வேண்டுதல்.

ஃப்ளோரன்ஸ் வடக்கில் மிகெலூச்சியின் செப்புக் கூரை இரண்டு விநாடி தெரிந்து மறைகிறது. ஃப்ளோரன்ஸ் வருகிறது, போகிறது. உஃபிஸி, டேவிட் சிலை, எதுவும் கிடையாது. டிக்கன்ஸ் மாதங்கள் செலவழித்துப் பார்த்த நாட்டை இந்தப் பிள்ளைகள் ஊர்ப்பெயர்ப் பலகைகளாகப் பார்க்கிறார்கள். சாலை அப்போது ரோமுக்குள் போகாது, வளையச் சாலையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகவேண்டும். பிள்ளைகளுக்கு ரோம் என்பது ஒரு பெரிய வளைவு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கும் கொலோசியம் அங்கிருந்து தெரியாது.

நேப்பிள்சுக்கு அப்பால்

நாட்டை ஒன்றாக்கிய சாலை என்று சூரியனின் சாலையைப் புகழ்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அது நேப்பிள்ஸோடு முடிந்துவிடுகிறது. இந்தக் குடும்பத்துக்கு இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. சலேர்னோவிலிருந்து கலாப்ரியாவின் நுனி ரெஜ்ஜோ வரையான நெடுஞ்சாலைக்கு 1962 ஜனவரியில்தான் முதல் கல் நாட்டினார்கள். 1965இல் அது துண்டு துண்டாகத்தான் இருந்தது. எபோலியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் 600 பழைய மலைச்சாலையில் இறங்குகிறது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. சின்னவன் வாந்தி எடுக்கிறான். லேவி எழுதிய எபோலி இதுதான். இருபது வருடத்துக்குப் பிறகும் நல்ல சாலை ஏறக்குறைய அந்தப் பக்கத்திலேயே நின்றுபோயிருந்தது.

சுமார் 440 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தெற்குச் சாலை 1974இல் ஒருவழியாக முடிந்தது. சுங்கம் கிடையாது. கடற்கரையோரம் போகாமல் மலைக்குள் புகுந்து போனது, குறுகலான பாதைகள், ஆளை மிரட்டும் உயரத்தில் பாலங்கள். 1990களின் கடைசியில் அகலப்படுத்தத் தொடங்கினார்கள். வேலை முடியவே முடியாது என்பது தேசிய நகைச்சுவையானது. ஒப்பந்தங்களுக்குள் கலாப்ரியாவின் மாஃபியாவான ‘ந்த்ராங்கெத்தா’ நுழைந்ததைப் பற்றி வழக்குகள் நடந்தன. அரசு 2016 டிசம்பர் 22 அன்று முடிந்ததாக அறிவித்தது. மிலான்–நேப்பிள்ஸ் 755 கிலோமீட்டருக்கு எட்டு வருடம், அதற்குத் தெற்கே இருந்ததை ஒழுங்காக்க ஐம்பது வருடத்துக்கு மேல். வடக்கும் தெற்கும் ஒன்று என்று எவ்வளவு பேசினாலும் இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

கார்க் குடும்பம் இரண்டாம் நாள் மதியம் ஊர்ச் சதுக்கத்தில் போய் நிற்கிறது. சொந்தக்காரர்கள் காரைத் தடவிப் பார்க்கிறார்கள். பாட்டி பேசும் கலாப்ரியப் பேச்சு சின்னவனுக்குப் பாதிதான் புரிகிறது. பள்ளிக்கூடத்தில் ‘தெர்ரோனே’ என்று கேலி கேட்டு வளர்ந்தவனை இங்கே தெருப் பையன்கள் ‘டூரின்காரன்’ என்று கூப்பிடுகிறார்கள். அவன் எந்த ஊர்க்காரன் என்பதற்கு அவனிடம் தெளிவான பதில் ஒன்று இருக்குமானால் அது நடுவில் இருக்கும் 1,200 கிலோமீட்டர்தான். மாதக் கடைசியில் கூரைமேல் ஆலிவ் எண்ணெய் டின், தக்காளிச் சாறு பாட்டில்கள், காய்ந்த மிளகாய், பன்றி இறைச்சிச் சாலாமி எல்லாம் ஏற்றிக்கொண்டு அதே சாலையில் வடக்கே திரும்புவார்கள். போன வருடம் அவர்களை வழியனுப்பிய சித்தப்பா இந்த வருடம் காரைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருப்பார்: “அங்க இன்னும் ஆள் எடுக்கிறாங்களா?”

எனக்கு இந்தச் சாலையின் வரலாற்றில் முக்கியமாகத் தோன்றுவது இந்தக் கேள்விதான். ஊருக்குத் திரும்பி வர உதவிய சாலை, ஊரை விட்டுப் போவதையும் எளிதாக்கியது. திரும்ப முடியும் என்ற தைரியம் இருந்தால் கிளம்புவது பெரிய விஷயமாகத் தெரியாது. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவரின் வீட்டில் அழுகை சத்தம் கேட்டிருக்கும். காரில் போனவரை வழியனுப்பியவர்கள் “அடுத்த ஆகஸ்டுல பார்க்கலாம்” என்று கையசைத்தார்கள். இப்படிக் கையசைத்து கையசைத்தே பல கிராமங்கள் காலியாகிவிட்டன.

புனிதரின் நாள்

இன்று போலோன்யாவுக்கும் ஃப்ளோரன்சுக்கும் நடுவே 2015இல் திறந்த புதிய சுரங்கப் பாதைகள் வழியாக மலையை அலட்டிக்கொள்ளாமல் தாண்டலாம். பழைய மலைப்பாதைக்கு இப்போது ‘பனோராமிக்கா’ என்று பெயர், ஆசைப்பட்டவர்கள் போகலாம். அதிவேக ரயில் இருக்கிறது, மலிவு விமானம் இருக்கிறது. ஆனாலும் ஆகஸ்டின் சில சனிக்கிழமைகளைக் காவல்துறை நெரிசலைக் கணித்து ‘கறுப்பு முத்திரை’ நாள் என்று இன்றும் முன்கூட்டியே அறிவிக்கிறது. தெற்கின் படித்த பிள்ளைகள் இன்னும் வடக்கேதான் போய்க்கொண்டிருக்கிறார்கள். அட்டைப் பெட்டிக்குப் பதில் லேப்டாப் பை.

தெற்கத்தி ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. அவருக்கு உரிய நாள் ஒன்று உண்டு, அது குளிர்காலத்திலோ வசந்தத்திலோ எப்போது வேண்டுமானாலும் வரலாம். சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். தூக்க ஆள் வேண்டும், பின்னால் நடக்கக் கூட்டம் வேண்டும். ஆள் எல்லாம் வடக்கே போன பிறகு பல ஊர்கள் விழாவை ஆகஸ்டுக்கு மாற்றிக்கொண்டன. சில ஊர்களில் இரண்டு முறை நடக்கிறது. உரிய நாளில் ஒரு முறை, ஊரோடு தங்கிவிட்ட முதியவர்களுக்காக, சின்னதாக. ஆகஸ்டில் இன்னொரு முறை, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக, வாத்தியம், வாணவேடிக்கையோடு.

நூற்றாண்டுகளாக அசையாமல் இருந்த ஒரு நாள், தொழிற்சாலை எப்போது மூடும் என்று பார்த்துத் தன்னை மாற்றிக்கொண்டது. சதுக்கத்தைச் சுற்றி டூரின், மிலான் பதிவெண்ணோடு கார்கள் நிற்கும். சிலையைத் தூக்குகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் ஊரில் இருக்கமாட்டார்கள்.